வெறும் வயிற்றில் முப்பத்தேழாம் அத்தியாயம்

"இருநூத்திப் பதினாலாம் நம்பர் கவரை யாரு அக்கா வாங்கிட்டுப் போனது?" என்று மைக்ரோ கேட்டாள்.

முன்மேசை அக்கா உறைகளை எண்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "சர்க்கரைக்காரர். இப்பத்தான் போனாரு."

"அதுல எத்தனை பக்கம் இருந்துச்சு?"

"ரெண்டு. ஒரு சுகர் டெஸ்டுக்கு எதுக்கு ரெண்டு பக்கம்னு எனக்கே தோணிச்சு. தொலைஞ்சிடக் கூடாதேன்னு பின் அடிச்சுக் குடுத்துட்டேன்."

மைக்ரோ வாசலுக்கு ஓடினாள். ஒரு சாம்பல் நிறக் கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நோயாளிகளுக்கு அவர்களுடைய நோய்தான் பெயர். அவளுக்கு அவள் படித்த படிப்பு. நுண்ணுயிரியல் பட்டதாரி, பேசினால் குரலையும் நுண்ணோக்கி வைத்துத்தான் தேட வேண்டும். அதனால் மைக்ரோ.

வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாம் மாதக் கடைசியில் கூடத்தின் தலைமை டாக்டரான சீஃப் மேடம் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால், கூடப்பிறந்த அக்கா வீட்டு ஹால் சோபாவிலிருந்து கதவு வைத்த ஓர் அறைக்கு அவள் குடிபோகலாம். அறையைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஜன்னல் சரியாக மூடாது. கதவு நன்றாக மூடும்.

கதவு அவளுக்கு எழுதுவதற்கு. தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. காட்டில் ஒரு ரேஞ்சர், அங்கே விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்க வரும் ஒரு டாக்டர். அந்த இருவரையும் எடுத்துக்கொண்டு ரசிகர்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கதை எழுதிப் போடும் இணையதளம் ஒன்று இருந்தது. அதில் 'பச்சை இலை' என்ற பெயரில் அவள் முப்பத்தாறு அத்தியாயங்கள் எழுதியிருந்தாள். ரேஞ்சரும் டாக்டரும் இன்னும் கை பிடிக்கவில்லை. மூன்று முறை பிடிக்கப் போனார்கள். ஒருமுறை தொலைபேசி அடித்தது. ஒருமுறை மான் ஒன்று குறுக்கே வந்தது. ஒருமுறை ரேஞ்சருக்கே தயக்கம் வந்துவிட்டது. அந்தத் தயக்கத்துக்கு மட்டும் தொண்ணூறு பின்னூட்டங்கள்.

அக்கா வீட்டு சோபாவில் எழுத முடியாது. "யாருக்கு இவ்வளவு மெசேஜ்?" என்று மாமா எட்டிப் பார்ப்பார். பரிசோதனைக் கூடத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆனால் அங்கே கணினியில் 'சோதனை நோயாளி' என்று ஒருவர் இருந்தார். மென்பொருளைப் பழகுவதற்காக யாரோ உண்டாக்கிய ஆள். வயது தொண்ணூற்றொன்பது. அவருடைய ரிப்போர்ட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்கள் இயந்திரத்தில் பத்து நிமிடம் சுழலும். அந்தப் பத்து நிமிடங்களில் மைக்ரோ எழுதினாள். சோதனை நோயாளியின் தொலைபேசி எண்ணாகத் தன் எண்ணையே போட்டிருந்தாள். 'அனுப்பு' என்று அழுத்தினால் அத்தியாயம் லாக்கருக்குள் இருக்கும் கைப்பேசிக்குப் போய்விடும்.

ஐந்து மாதம் ஒரு பிசகும் இல்லை. இன்று காலையில் முப்பத்தேழாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியை மேலே நகர்த்தலாம் என்று எல்லாவற்றையும் நகலெடுத்தாள். அப்போது இயந்திரம் நின்றது. அடுத்து வந்த ரிப்போர்ட்டின் குறிப்பில் வழக்கம்போல 'வெறும் வயிற்றில் எடுக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை ஒட்டுவதாக நினைத்து ஒட்டினாள். காலை ரிப்போர்ட்டுகள் அத்தனைக்கும் ஒரே சொடுக்கில் ஒப்புதல் கொடுப்பது சீஃப் மேடத்தின் வழக்கம். அச்சாகிவிட்டது.

ஆக, சர்க்கரைக்காரரின் ரிப்போர்ட் இப்படி இருந்தது. முதல் பக்கம்: சர்க்கரை 142. இரண்டாம் பக்கம்: 'அவன் அவள் நெற்றியில் கை வைத்தான். நெருப்பாய்ச் சுட்டது. "ஊருக்கெல்லாம் ஊசி போடுற டாக்டருக்கே காய்ச்சலா?" என்றான். அவள் மெல்லக் கண் திறந்தாள்...'

மைக்ரோ அவருடைய எண்ணைத் தேடி எடுத்து, முன்மேசைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், லேப்ல இருந்து பேசறோம். உங்க ரிப்போர்ட்ல ஒரு சின்னத் தப்பு. அதைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா வேற குடுத்துடறோம்."

"சுகர் தப்பா?" கரகரத்த குரல்.

"இல்ல சார், அது சரிதான்."

"அப்போ ரெண்டாவது பக்கம்."

அவள் முன்மேசை அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"யாரு எழுதினது?"

"சார்... அது..."

"நீதானா? சரி. இது அந்த டிவில வர்ற ரேஞ்சர்தானே?"

"ஆமா சார்."

"டிவில அவன் காட்டை விட்டுட்டு மாமா கம்பெனில சேர்ந்துட்டானே. நீ எப்படி இன்னும் காட்டுலயே வெச்சிருக்கே?"

"எங்க குரூப்புல நூத்திப் பத்தாவது எபிசோடுக்கு மேல யாரும் பார்க்கறதில்ல சார். அதுக்கப்புறம் வந்தது எதுவும் நடக்கலன்னு வெச்சுக்கிட்டோம்."

"ஏன்?"

"ரேஞ்சர் அப்படிப் பண்ண மாட்டார் சார்."

"அதை எழுதினவன் முட்டாளா?"

"அப்படிச் சொல்லல சார். அவருக்கு ரேஞ்சரைத் தெரியாது, அவ்வளவுதான்."

எதிர்முனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. இணைப்புத் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அவள் ரிசீவரைத் தட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தேழாவது அத்தியாயம்னு போட்டிருக்கே. இன்னும் கைகூடப் பிடிக்கல போல. எப்படிம்மா ஓட்டினே?"

"மெதுவாத்தான் சார் போகணும்."

"வெள்ளிக்கிழமை மறுபடி ரத்தம் குடுக்க வர்றேன். ரிப்போர்ட்ல அடுத்த அத்தியாயம் இருக்கணும். இல்லேன்னா இந்த ரெண்டாவது பக்கத்தை உங்க பெரிய டாக்டர்கிட்டக் காட்டி, இது என்ன வியாதின்னு கேட்கலாம்னு இருக்கேன்."

"சார், எங்க சைட்லயே படிக்கலாம் சார், இலவசம்தான்..."

"வேண்டாம். வீட்டுலயும் ஆபீஸ்லயும் என் போனை நோண்டாத ஆளே கிடையாது. ரத்த ரிப்போர்ட்டை மட்டும் எவனும் பிரிச்சுப் பார்க்க மாட்டான். இதே வழி போதும். இன்னொண்ணு. ரேஞ்சர் கம்பெனி வேலையை உதறிட்டு ஏன் திரும்பி வந்தான்னு மேல ஒரு பத்தி சேரு. எனக்குக் கோர்வையா இருக்கணும்."

வைத்துவிட்டார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் முன்மேசை அக்கா.

"திருப்பித் தர மாட்டாராம்."

"ரிப்போர்ட்டை அவரே வெச்சுக்கட்டுமே, அவரோட சர்க்கரைதானே?"

வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவர் மறுபடி அழைத்தார். அன்றைக்குப் பேசிய பெண் எங்கே என்று கேட்டு, மைக்ரோவை வரவழைத்துப் பேசினார்.

"அடுத்த அத்தியாயத்துல என்ன வருது?"

"யானைக் கூட்டம் சார். இருபது யானை. ரேஞ்சர் தனி ஆளா..."

"யானை வேண்டாம்."

"சார்?"

"ஒரு யானைகூட வேண்டாம்."

"எழுத்துலதானே சார் வருது?"

"எழுத்துல வந்தாலும் யானை யானைதான். அப்புறம் என்ன வெச்சிருக்கே?"

"காட்டுத் தீ சார்."

"அதுவும் வேண்டாம். ஒரு ரூம் போதும். ரெண்டு பேரும் உள்ள மாட்டிக்கட்டும். வெளிய மழைச் சத்தம் மட்டும் கேட்கட்டும். யாரும் நனைய வேண்டாம்."

மைக்ரோவுக்கு இதில் அவ்வளவு வருத்தமில்லை. ஒரே அறையில் இருவர் மாட்டிக்கொள்வது அந்தத் தளத்தின் தேசிய கீதம் மாதிரி. எழுத வந்த எல்லோரும் ஒருமுறையாவது பாடியிருப்பார்கள். அவள் மட்டும்தான் பாக்கி. யானைகளை எடுத்துவிட்டு, காவல் குடிலின் கதவைத் தாழ்ப்பாள் உடைத்து மூடினாள். இரண்டு அத்தியாயங்கள் தனித்தனியாக எழுத நேரமில்லை. அதையே தளத்திலும் போட்டாள்.

பின்னூட்டங்கள் வந்தன.

'யானை எங்கே? போன வாரம் யானை வரும்னு சொன்னீங்களே? நான் ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தேன்' என்று 'மழைத்துளி' கேட்டிருந்தாள்.

'ஒரு ரூம், ஒரு கம்பளி! பச்சை இலை வாழ்க! ஆனால் ரேஞ்சர் ஏன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வருகிறார்? கம்பெனி என்பதே நடக்கவில்லையே? நம் குழு விதியை மறந்துவிட்டீர்களா?' இது 'ரேஞ்சரின் தொப்பி'. குழுவின் சட்டதிட்டங்களை எழுதியது இந்தத் தொப்பிதான். ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது.

'சும்மா படிக்கிறேன்' என்பவர் வழக்கம்போல ஒரு புன்னகை பொம்மை மட்டும் போட்டிருந்தார்.

சர்க்கரைக்காரர் வெள்ளிக்கிழமை வந்தார். அறுபதைத் தொடும் வயது, கலைந்த தலை, சட்டைப் பையில் நான்கு பேனா. கையை நீட்டி ரத்தம் கொடுத்தார். மைக்ரோதான் ஊசி குத்தினாள். இருவரும் அறிமுகமில்லாதவர்கள்போல் இருந்தார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "போன அத்தியாயத்துல அவ பார்க்கறா, இவன் பார்க்கறான்னு ஒரு வரியில முடிச்சுட்டே. மூணு பக்கம் பார்க்கட்டும். நமக்கென்ன ரயிலா போயிடப் போவுது?"

செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

அடுத்த கட்டளை தொலைபேசியில் வந்தது. "டாக்டரோட அத்தை பத்து நாளைக்கு வெளியூர் போகட்டும்."

"அத்தை இந்தக் குடிலுக்குள்ளயே இல்லையே சார்."

"அப்போ சுலபம்தான். போயிட்டாங்கன்னு யாராவது ஒரு வரி சொல்லட்டும்."

குடிலுக்குள் மாட்டிக்கொண்ட இருவரில் ஒருவர் இன்னொருவரிடம், நெருக்கமான ஒரு கட்டத்தில், "அத்தை ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. தளத்தில் இந்த வரி பிய்த்து எறியப்பட்டது. 'இந்த நேரத்தில் அத்தை எதற்கு?' என்று பதினேழு பேர் கேட்டார்கள்.

அதற்கு அடுத்தது: "ரேஞ்சருக்குக் குரல் போயிடட்டும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?"

"தொண்டை சரியாகற வரைக்கும்."

"எப்ப சார் சரியாகும்?"

"அதை நான் விசாரிச்சுச் சொல்றேன்."

யாரிடம் விசாரிப்பார் என்று அவள் யோசிக்கவில்லை. சர்க்கரைக்காரர்கள் டாக்டர்களிடம் நிறையப் பேசுகிறவர்கள். ரேஞ்சர் ஒரு மிளகாய்ப் புகையில் சிக்கி ஊமையானார். காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டினார்.

'ரேஞ்சரின் குரலுக்காகத்தான் நான் இந்தக் கதையைப் படிக்கிறேன்' என்று மழைத்துளி அழுதாள்.

'எழுத்தில் எப்படிம்மா குரல் கேட்கும்?' என்று யாரோ.

'உனக்குக் கேட்காது. உனக்கு மனசு கிடையாது.'

இரண்டு நாள் சண்டை நடந்தது. முடிவில் ரேஞ்சரின் தொப்பி தீர்ப்பு எழுதியது: 'பச்சை இலை, வருத்தத்தோடு சொல்கிறேன். உங்களைவிட அந்த சீரியல் எழுதுகிறவரே மேல்.'

மைக்ரோ அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்தத் தளத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

இனி இரண்டாக எழுதுவது என்று முடிவு செய்தாள். சர்க்கரைக்காரருக்கு அவர் கேட்டபடி ஒன்று. தளத்துக்குத் தன் மனசுப்படி ஒன்று. அதில் குரல் உண்டு, யானையும் உண்டு. தளத்து அத்தியாயத்தின் மேலே, வாசகர்களுக்கு வழக்கமாக எழுதும் ஒரு சிறு கடிதமும் எழுதினாள்: 'அன்புச் செல்லங்களே, மன்னியுங்கள். சில வாரங்களாக ஒரு கிழட்டுக் கழுகு என் தோளில் உட்கார்ந்துகொண்டு கதை சொல்லிக் கொடுக்கிறது. அதற்கு ரசனையும் கிடையாது, காடும் தெரியாது. இனி அதன் பேச்சைக் கேட்க மாட்டேன்.'

இரண்டும் சோதனை நோயாளியின் ஒரே கட்டத்தில், ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. அன்றைக்குக் கூட்டம் அதிகம். இயந்திரம் மூன்று முறை நின்றது.

மறுநாள் காலை முன்மேசையில் தொலைபேசி அடித்தது.

"உனக்குத்தான். யாரோ கழுகாம்" என்றாள் முன்மேசை அக்கா.

மைக்ரோ ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கிழட்டுக் கழுகு பேசறேன்."

"சார்... அது வந்து..."

"ரசனை கிடையாதுன்னு எழுதியிருக்கே. பரவாயில்ல, என் பொண்டாட்டியும் அதைத்தான் சொல்றா. ஆனா யானையை மறுபடி கொண்டுவந்துட்டியே, அதைத்தான் தாங்க முடியல."

"மன்னிச்சுடுங்க சார்."

"மன்னிக்கறேன். ஒரு நிபந்தனை. ரேஞ்சருக்கு முகம் பூராக் கட்டுப் போடு."

"முகத்துலயா?"

"கண்ணும் மூக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். பத்து நாள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் கட்டைப் பிரிக்கறப்போ முகம் வேற மாதிரி இருக்கணும்."

மைக்ரோ அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் ரேஞ்சரின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அதைப் பற்றி மட்டும் நான்கு அத்தியாயங்கள் எழுதியிருந்தாள்.

"முடியாது சார்."

"என்னது?"

"அவர் முகத்தை மாத்த முடியாது சார். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"முடியாதா? இந்தா பாரு, எங்கிட்ட இப்போ ஆறு ரிப்போர்ட் இருக்கு. உங்க பெரிய டாக்டர் பேர் ஒவ்வொண்ணுலயும் அச்சாயிருக்கு. வெள்ளிக்கிழமை பார்ப்போம்."

மாதம் முடிய பத்து நாள்தான் இருந்தது. அன்று மாலை அவள் அந்த அறையின் வழியாக நடந்து போனாள். கதவு மூடியிருந்தது. நன்றாகத்தான் மூடியிருந்தது.

சோபாவில் படுத்தபடி யோசித்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. எழுத மாட்டேன் என்றால்தானே மிரட்டுகிறார்? எழுதிவிடலாம். மனுஷன் இனி ரேஞ்சர் என்ற பெயரைக் கேட்டாலே தலைதெறிக்க ஓடுகிற மாதிரி எழுதிவிடலாம்.

தளத்தில் 'எழுதக் கூடாதவை' என்று ரேஞ்சரின் தொப்பி போட்ட பட்டியல் ஒன்று இருந்தது. மைக்ரோ அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாள். சோதனைக்கூடத்தில் வேதிப்பொருள்களை எடுத்து வைப்பதுபோல ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ரேஞ்சர் டாக்டரைக் காப்பாற்றப் பாறையிலிருந்து விழுந்தார். முகம் சிதைந்தது. ஞாபகமும் போயிற்று. அவருக்கு இரட்டைச் சகோதரன் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. டாக்டர் பழசையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். முதல் அத்தியாயத்திலிருந்து எல்லாவற்றையும், அப்படியே வரிக்கு வரி. முகம் முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவர் கட்டிலில் கிடந்தார். கட்டைப் பிரிக்கும் நாள் வந்தது. 'கடைசிச் சுற்று அவிழ்ந்தது. அது அவன் முகம் இல்லை. ஆனால் அது அவன்தான். அவன் வாயைத் திறந்தான்...' அத்தோடு நிறுத்தினாள்.

இவ்வளவு மோசமாக எழுதுவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. ஒரே சுழற்சியில் முடிந்துவிட்டது.

இது தளத்துக்குப் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தாள். அச்சடித்து, உறையில் போட்டு, தானே ஒட்டி, தன் கையாலேயே கொடுத்தாள்.

ஒரு மணி நேரத்தில் தொலைபேசி.

"ஏம்மா" என்றார் சர்க்கரைக்காரர். குரல் தழுதழுத்தது. "அழுதுட்டேன்."

"சார்?"

"இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணை நான் படிச்சதில்ல. எல்லாமே இருக்கு. எங்கேயிருந்தும்மா பிடிச்சே? சுயமா யோசிச்சியா?"

"ஒரு லிஸ்ட் இருந்துச்சு சார்."

"அந்த லிஸ்டையும் அடுத்த கவர்ல வை. வாயைத் திறந்தானே, என்ன சொன்னான்?"

"இன்னும் யோசிக்கல சார்."

"யோசி. நல்லா யோசி. ஆனா சீக்கிரம் யோசி."

அந்த யோசனைக்கு நேரம் கிடைக்கவில்லை. மாதத்தின் கடைசி வேலைநாள் காலையில் சீஃப் மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒரு பக்கம் வேலை நிரந்தரக் கடிதம், கையெழுத்துக்காக. இன்னொரு பக்கம் ஒரு தடித்த கோப்பு.

"உன் வேலையில எனக்கு ஒரு குறையும் கிடையாது" என்றார் சீஃப். "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வழக்கமா ஒரு பேஷன்ட்டோட ரிப்போர்ட்டையெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். இந்தச் சர்க்கரைக்காரர் நாலு வாரத்துல ஏழு தடவை ரத்தம் குடுத்திருக்கார். நூத்தி நாப்பத்திரெண்டு, நாப்பத்தொண்ணு, நாப்பத்திமூணு. ஒரு மாத்தமும் இல்ல. மனுஷன் எதுக்கு வர்றார்னு புரியலையேன்னு ரெண்டாவது பக்கத்தைத் திருப்பினேன்."

மைக்ரோ தரையைப் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது.

"நூத்திமூணு டிகிரி காய்ச்சல்ல ஒரு பொண்ணு மலையேற முடியாது" என்றார் சீஃப். "மிளகாய்ப் புகையில குரல் போனா ரெண்டு நாள்ல வந்துடும். முகம் சிதைஞ்சவனுக்குப் பத்து நாள்ல கட்டைப் பிரிக்க மாட்டாங்க. அதெல்லாம் இருக்கட்டும். ஏழு ரிப்போர்ட்லயும் என் பேர் இருக்கு. அத்தை ஊருக்குப் போயிருக்காங்கன்னு நான் சான்று குடுத்திருக்கேன்."

மைக்ரோ எல்லாவற்றையும் சொன்னாள். சோதனை நோயாளி, சுழலும் இயந்திரம், வெறும் வயிறு, கழுகு. சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அவள் வாழ்க்கையில் தொடர்ந்து இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

சீஃப் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

"அந்த மனுஷன் தனக்கு எந்தப் புகாரும் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா நீ திங்கட்கிழமை வர வேண்டாம்."

மைக்ரோ முன்மேசைக்குப் போய் அழைத்தாள். முதல்முறையாகக் கெஞ்சினாள். சர்க்கரைக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"வேலை போயிடுமா?"

"ஆமா சார்."

"போச்சுன்னா எங்க உக்காந்து எழுதுவே?"

"எங்கயும் எழுத முடியாது சார். சோபாதான் இருக்கு."

"அடடா" என்றார், உண்மையான பதற்றத்தோடு. "இரு, இரு. உடனே எழுதி அனுப்பறேன். டிரைவர்கிட்டக் குடுத்து விடறேன்."

நாலே முக்காலுக்கு டிரைவர் வந்தார். சாம்பல் நிறச் சீருடை, கையில் ஒரு நீண்ட உறை. முன்மேசை அக்கா அவரை நேராக சீஃப் அறைக்குக் கூட்டிவந்தாள். வந்தவள் கதவோரமாகவே நின்றுகொண்டாள். டிரைவர் உறையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சீஃப் பிரித்துப் படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து, பிறகு போயிற்று. "'உங்கள் நிலையத்தின் சேவையில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. இவ்வளவு பயனுள்ள ரத்தப் பரிசோதனையை நான் எங்கும் கண்டதில்லை.' நல்லாத்தான் எழுதறார் மனுஷன்."

இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை எடுத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை மைக்ரோவிடம் நகர்த்தினார்.

"எழுது. 'இந்தப் பேஷன்ட்டுக்கு இனி ஒரு வரிகூடக் கதை எழுதித் தர மாட்டேன். மீறினால் அன்றே வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன்.' தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

மைக்ரோ இவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சீஃப் அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். மைக்ரோ அதை வாங்கிக்கொண்டாள். முன்மேசை அக்கா கதவோரம் நின்று மெல்லக் கை தட்டினாள்.

டிரைவர் இன்னும் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் சீஃப்.

டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக்ரோவைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. பழைய ரேஞ்சர் தொண்டைவலின்னு லீவு போட்டவர் வேற சீரியலுக்கே போயிட்டாரு. புது ரேஞ்சர் மூஞ்சில கட்டோட காலையிலேர்ந்து ஷூட்டிங்ல உக்காந்திருக்காரு, கட்டைப் பிரிச்சதும் என்ன வசனம் பேசணும்னு உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு எங்க ரைட்டர் ஐயா."